வெள்ளையணுக்களும் ஒரு பொத்தான் பெட்டியும்

ஜனவரி 8

தம்பிக்கு,

உனக்கு எழுதி இரண்டு வருடம் ஆகிறது. காரணம் உனக்குத் தெரியும். என் கணவரை வழியனுப்பிய அன்று, வீடு நிறையக் கூட்டம் இருந்தபோது, நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். துக்கம் தாங்காமல் நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பல்செட் நழுவிவிட்டது என்பது உனக்கு மட்டும் தெரிந்தது. நீ சிரித்தாய். இல்லை என்று எழுதாதே. உன் மீசை அசைந்ததைப் பார்த்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வேலை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

செட்டின் இடப்பக்கத்துக் கம்பி ஈறை அழுத்துகிறது. அதற்கு அடியில், அந்தப் பழைய வேர் இருக்கும் இடத்தில், சிறிது வீக்கம். நாக்கால் அழுத்தினால் கெட்ட ருசி வருகிறது. முன்பு ஒருமுறை மெழுகு அனுப்பினாயே, அதுபோல ஏதாவது அனுப்பு. வழக்கம்போலப் பொத்தான் பெட்டியில் வைத்து, மேலே 'பொத்தான்கள்' என்றே எழுது.

இங்கே இருக்கும் பல் டாக்டரிடம் போகச் சொல்லித் தாளை வீணாக்காதே. அவள் என் பழைய மாணவி. "வாயைத் திறந்து சொல், வார்த்தையை ஒளித்துவைக்காதே" என்று கான்வென்ட் வகுப்பில் அவளை மேஜைமேல் ஏற்றி நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் முன்னால் நான் வாயைத் திறந்து, முன்பல் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுப்பதா? கல்யாணத்துக்கு முந்தைய வாரம் உன் சைக்கிளில் ஏறி மதிலில் மோதிக்கொண்டேன். ஒரு பல் விழுந்தது, இன்னொன்று உடைந்து வேர் மட்டும் நின்றுபோனது. அதற்கு முன் வந்த கடிதத்தில் அவர் என் சிரிப்பைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதனால்தான் உன்னிடம் வந்தேன். நீ அப்போது பல்செட் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். அந்தச் சிரிப்பில் பாதி உன் கைவேலை என்று தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். என் மகனுக்கும் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. என் கைவிரல்கள் காலையில் மடங்குவதில்லை. குழாயைத் திருகவும் முடியவில்லை. முடக்குவாதம் என்கிறார் டாக்டர். என் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் என் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். என் உடம்பிலேயே இவ்வளவு ஒழுங்கீனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மெழுகை மறக்காதே.

அக்கா


ஜனவரி 16

மகாராணிக்கு,

மீசை அசைந்தது உண்மை. தும்மல் வந்தது. நீ நம்பமாட்டாய், நம்பவும் வேண்டாம். இரண்டு வருடம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, எழுதும் முதல் கடிதத்தில் 'மெழுகு அனுப்பு' என்று கேட்க இந்த உலகத்தில் உன் ஒருத்தியால்தான் முடியும்.

மெழுகு அனுப்பமாட்டேன். வீக்கத்தின் மேல் மெழுகு வைப்பது, கசியும் குழாய்க்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. கெட்ட ருசி வருகிறது என்றால் உள்ளே சீழ் இருக்கிறது என்று அர்த்தம். நான் டாக்டர் இல்லை, பல்செட் கட்டுகிறவன். ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை வாயின் அச்சைப் பார்த்திருக்கிறேன்! அந்த வேர் இன்றோ நாளையோ தகராறு செய்யும் என்று உன் மூன்றாவது செட்டை அனுப்பும்போதே எழுதினேன். "உன் வேலையைப் பார்" என்று பதில் எழுதினாய். என் வேலையே அதுதான், அக்கா.

உன் மாணவி வேண்டாம் என்றால் பக்கத்து ஊருக்குப் போ. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு போ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போ. போ.

வெள்ளையணு விஷயத்தில் உன் டாக்டர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளையணு நம் காவல்காரன். அவனைக் குறைகூறி மருந்து கொடுத்து அடக்குவார்களாம். நன்றாகச் சாப்பிட்டு அவனைப் பலப்படுத்து. உன் வீட்டுக்குள் தகராறு என்றால் காவல்காரனையா வேலையை விட்டு நிறுத்துவாய்?

மருமகள் நலமா? மகன் கப்பலிலிருந்து எப்போது வருகிறான்? நீங்கள் வீடு மாறிய பிறகு உன் எண்ணைத் தவிர அவர்கள் யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை.

தம்பி


ஜனவரி 25

தம்பிக்கு,

மெழுகு கேட்டால் சொற்பொழிவு வந்திருக்கிறது.

முதலில், தெரியாத விஷயத்தில் வாய் கொடுப்பதை நிறுத்து. டாக்டர் ஓர் இளம்பெண். தெளிவாகப் பேசுகிறாள், வார்த்தைகளை விழுங்குவதில்லை. உன் காவல்காரக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி:

"காவல்காரன்தாம்மா. ஆனா இப்ப அவனுக்கு ஆள் அடையாளம் தெரியல. உங்க மூட்டோட உள்சவ்வையே திருடன்னு நெனச்சு அடிக்கிறான். அதோட விட்டானா? 'இங்க வாங்கடா'ன்னு கூட்டாளிங்களையும் கூப்பிடுறான். வந்தவன் இன்னும் நாலு பேரைக் கூப்பிடுறான். அதுதான் வீக்கம், அதுதான் சூடு, அதுதான் வலி. நான் போடப்போற ஊசி யாரையும் கொல்லாது. அந்தக் கூப்பாடு மத்தவங்க காதுல விழாம மறிக்கும், அவ்வளவுதான்."

அதுவரைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அதைச் சாப்பிட்டால் ராட்சசப் பசி எடுக்கிறது. விடிவதற்கு முன்பே அடுக்களையில் நிற்கிறேன். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் மிக அதிகமாக இருந்தன. "ஸ்டீராய்டு சாப்பிட்டா அப்படித்தாம்மா கூடும்" என்றாள். பிப்ரவரி 24 அன்று முதல் ஊசி.

ஒரு சங்கடம். ஊசி போடுவதற்கு முன் உடம்பில் எங்கும் கிருமி ஒளிந்திருக்கக் கூடாதாம். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது. "பல், ஈறு எதாவது தொந்தரவு இருக்காம்மா? பல் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துடுங்க" என்றாள். மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "என் பற்களில் ஒரு குறையும் இல்லை, போன மாதம்தான் காட்டினேன்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, "இந்த வயசுல இவ்வளவு அழகான பல்லு! குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. பேனா விரலில் நிற்கவில்லை. இனி நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவாள். கண்ணும் மங்கிவிட்டதால் வரும் கடிதங்களையும் அவள்தான் படிப்பாள். கடிதம் படிப்பதில் என் விதி உனக்குத் தெரியும்: நின்றுகொண்டு, சத்தமாக, ஒரு வார்த்தையும் விடாமல் படிக்க வேண்டும். ஆகையால் அந்த விஷயத்தைப் பற்றி இனி ஓர் எழுத்துக்கூட எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கும், இதைப் படிக்கும் மருமகளுக்கும்,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

அக்கா, காவல்காரன் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், கேள்.

இந்த ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர், மேல்செட் கட்ட அளவு கொடுப்பதற்காக என் பட்டறைக்கு வந்தார். பல் டாக்டர் இருக்கும் மாடிக்கு அவரால் ஏற முடியவில்லை. அதனால் பல் டாக்டரே கீழே இறங்கிவந்து, அவர் வாயில் அச்சுப் பசையை வைத்துவிட்டு, "இறுகுறவரைக்கும் பாத்துக்குங்க" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சும்மா இருப்பேனா? ஸ்டீராய்டு, வெள்ளையணு, ஊசி எல்லாவற்றையும் கேட்டேன். அவர் "ம்ம், ம்ம்ம்" என்று கையை ஆட்டினார். ஆமாம் என்கிறார் என்று நினைத்து என் காவல்காரத் தத்துவத்தை முழுக்க எடுத்துவிட்டேன். பசையை எடுத்த பிறகு முதல் வார்த்தையாக அவர் சொன்னது: "யோவ், நீ சொன்னது அத்தனையும் தப்பு."

பிறகு அவரே விளக்கினார். "வெள்ளையணுல பாதிப் பேரு ரத்தக்குழாய்ச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு சும்மா நின்னுட்டு இருப்பான். ஸ்டீராய்டு குடுத்தா அவன் புடிப்பு விட்டுப்போயி நடுத்தெருவுக்கு வந்துருவான். எண்ணிப்பாத்தா கூட்டம் பெருசாத் தெரியும். ஆனா சண்டை நடக்குற எடத்துக்கு மட்டும் சரியாப் போகமாட்டான். இங்கதான் வம்பு. எங்கயாவது நெசமாவே சீழ் புடிச்சிருந்தாலும் எண்ணிக்கை கூடும். மாத்திரையால கூடிச்சா, சீழால கூடிச்சான்னு அந்த எண்ணை மட்டும் பாத்து யாரும் சொல்ல முடியாது. நோயாளி வாயைத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

"சொல்லாம ஊசியும் போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"மூட்டுல போடுற கூப்பாட்டை மட்டுமா ஊசி மறிக்கும்? சீழ் இருக்குற எடத்துலேருந்து போற கூப்பாட்டையும் சேத்துத்தான் மறிக்கும். கிருமி ரத்தத்துல எறங்கும். வயசானவங்கன்னா ஆளு தேறுறதே கஷ்டம்."

அக்கா, இப்போது நான் எழுதுவது உனக்குப் புரியும். உன் வீட்டு மாடியில் பல வருடமாக வாடகை தராமல் ஒரு கிழவர் குடியிருக்கிறாரே, இடப்பக்கத்து முன் அறையில். அவர் கலகம் செய்கிறார் என்று நீயே எழுதியிருந்தாய். அவரைப் பற்றி டாக்டரிடம் உடனே சொல்லிவிடு. அவரைக் காலி செய்யாமல் 24ஆம் தேதி ஒன்றும் ஆரம்பிக்காதே.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் படித்தாள். அளவுக்கு மீறி வளவளவென்று எழுதியிருக்கிறாய். பட்டறைக்கு வருகிற கனவான்களின் வாயை அடைத்துவைத்துக்கொண்டு அவர்களிடம் தத்துவம் பேசுவது பண்பாகாது.

மாடியில் குடியிருப்பவரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இத்தனை காலம் இருந்தவர், இன்னும் சில காலம் இருப்பார். அவரை வெளியேற்றினால் வீட்டின் முகப்பே கெட்டுவிடும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். டாக்டருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊசி குறித்த நாளில் நடக்கும். எனக்கு என் கைகள் வேண்டும். நேற்று என் ரவிக்கைக் கொக்கியை மருமகள் மாட்டிவிட்டாள். இதைவிட ஓர் அவமானம் உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா
(எழுதியது மருமகள்)

மாமா, இது நானாகச் சேர்த்து எழுதுவது. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அத்தை தூங்கிவிட்டார்கள். நாங்கள் இருப்பது தரைத்தளத்து வீடு, மாடியே கிடையாது. யார் அந்தக் கிழவர்? கேட்டால், "பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே" என்கிறார்கள். அத்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இடக் கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. டாக்டரிடம் சொல்லலாம் என்றால், "சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள், வாயை மூடிக்கொண்டிரு" என்று கோபிக்கிறார்கள். அவரும் கப்பலில் இருக்கிறார், பேச முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். எழுதினால் சத்தமாகத்தான் படிக்கவேண்டியிருக்கும், அதையும் யோசித்து எழுதுங்கள்.


பிப்ரவரி 16
(விரைவுத் தபால்)

அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்குப் புது மின்விசிறி வாங்கினேன், சத்தம் அதிகமாக இருக்கிறது, காற்று குறைவாக வருகிறது.

மருமகளே, நின்றுகொண்டுதானே படிக்கிறாய்? சத்தமாகத்தானே? உன் மாமியாரின் விதி என்ன? ஒரு வார்த்தையும் விடக்கூடாது. எது வந்தாலும் நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்துகிறவர்களை மேஜைமேல் ஏற்றுகிறவர் அவர். அதனால் இனி வருவதை மூச்சு விடாமல் படி.

உன் மாமியாரின் மேல்வரிசை முன்பல் இரண்டும் பொய். நான் செய்தவை. இப்போது இருப்பது நான்காவது செட். வீட்டுக்கு வந்த பொத்தான் பெட்டிகளில் ஒன்றிலும் பொத்தான் இருந்ததில்லை. அந்தச் செட்டுக்கு அடியில் ஒரு பழைய வேர் இருக்கிறது. மாடியும் கிடையாது, கிழவரும் கிடையாது. கிழவர் அந்த வேர்தான். ஜனவரியிலிருந்து அங்கே சீழ் இருக்கிறது. கன்னம் உப்பியது அதனால். காய்ச்சல் அதனால். பல் டாக்டரிடம் காட்டினேன் என்று அவர் சொன்னது பொய். இதைத் தெரிந்துகொள்ளாமல் 24ஆம் தேதி அந்த ஊசியைப் போட்டால், காவலுக்கு வருகிறவர்களைக் கூப்பிடவே முடியாமல் செய்துவிட்டுக் கொள்ளைக்காரனை வீட்டில் வைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. இந்தக் கடிதத்தை முடித்த கையோடு டாக்டருக்குப் போன் செய். கடிதத்தை முடிக்கும் முன்பே செய்தாலும் குற்றமில்லை.

அக்கா, இப்போது உன்னோடு பேசுகிறேன்.

நான்கு தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். நானே கிளம்பி வரலாம் என்றால் எனக்கு இடுப்பில் கட்டு; பஸ்ஸில் உட்கார முடியாது. எனக்கு வேறு வழி விடவில்லை நீ. உன் ரகசியத்தை நான் காப்பாற்றியது மாதிரி இந்த ஊரில் எவனும் எதையும் காப்பாற்றியதில்லை. என் மனைவிக்கே சொன்னதில்லை. கடைசியில் அது உன்னையே தின்னும் என்றால் எனக்கு எதற்கு அந்தப் பெருமை?

அன்றைக்கு அத்தான் பக்கத்தில் நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாயே, அப்போதும் உன்னால் வாய்விட்டு அழ முடியவில்லை. அழுதால் செட் விழுந்துவிடும். கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தும்மலும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. என் மீசை எதற்கு அசைந்தது என்று இப்போதாவது யோசித்துப் பார்.

திட்டுவது என்றால் செட்டைப் போட்டுக்கொண்டு திட்டு. கழற்றிவிட்டுத் திட்டினால் காற்றுதான் வரும்.

தம்பி


பிப்ரவரி 23

துரோகிக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது விரல்களால். கோபத்தால் அல்ல. கோபத்தால் என் எழுத்து ஒருநாளும் கோணியதில்லை.

நீ திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. அவள் கூடத்தின் நடுவில் நின்று படித்தாள். 'முன்பல் இரண்டும்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவள் கண்கள் மட்டும் அடுத்த வரிகளில் ஓடுவதைப் பார்த்தேன். மருமகள் கெட்டிக்காரி, நான் விட்டிருந்தால் கடிதத்தை மடித்து வைத்திருப்பாள். "மீதி ஒன்றுமில்லை அத்தை" என்று சொல்லியிருப்பாள். அந்த இரக்கத்தைத் தாங்க முடியாமல், "எதற்கு நிறுத்தினாய்? படி" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். முழுக்கப் படித்தாள். நிறுத்தம் எல்லாம் சரியாக இருந்தது.

படித்து முடித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு வந்து, "அத்தை, கழட்டிக் குடுங்க, கழுவிக் கொண்டாறேன்" என்றாள். ஏதோ காப்பி டம்ளரைக் கேட்பதுபோல. நான் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கையில் மருந்து ஏறுகிறது. இவர்கள் என் வாயைப் பார்க்க வரிசையில் வருகிறார்கள். அந்த இளம் டாக்டர் என்னிடம் கோபமாகப் பேசினாள். "நான் கேட்டேனாம்மா, இல்லையா? கேட்டேனா?" என்றாள். கேட்டாள் என்று தலையசைத்தேன். பேசினால் காற்று வருகிறது, நீ சொன்னதுபோல.

பதில் எழுதாதே.

அக்கா என்று கையெழுத்திட மனம் இல்லை.


மார்ச் 4

அக்காவுக்கு,

பதில் எழுதாதே என்றாய். இது பதில் அல்ல, கேள்வி. வேரை எடுத்தாயிற்றா? காய்ச்சல் விட்டதா? யார் எடுத்தது? மருமகளிடம் ஒரு வரி எழுதச் சொல். 'இருக்கிறார்' என்று எழுதினால் போதும். தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும், அந்த மனிதர் தெருக்கோடி திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு என்னைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது.

தம்பி


மே 12

தம்பிக்கு,

இருக்கிறேன்.

எழுத்தைப் பார்த்துவிட்டு யார் எழுதினார்கள் என்று குழம்பாதே. நான்தான். பேனா விரலில் நிற்கிறது. முதல் ஊசி ஏப்ரலில்தான் போட்டார்கள். வாயிலுள்ள புண் முழுக்க ஆறவேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாள். இன்று காலை ரவிக்கைக் கொக்கிகள் எல்லாவற்றையும் நானே மாட்டினேன். மருமகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அடுக்களையில் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. சுருதி சேரவில்லை. நான் திருத்தவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: வேரை எடுத்தது என் மாணவிதான். ஆஸ்பத்திரிக்கு வேறு யாரையாவது அழையுங்கள் என்று எழுதிக்காட்டினேன். யாரும் மதிக்கவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து விளக்கைத் திருப்பினாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், வாயைத் தொறங்க."

கொஞ்சம் திறந்தேன்.

"இன்னும் நல்லா. ஒளிச்சு வைக்கக் கூடாது. மேஜைமேல ஏத்தி நிக்கவச்சிருவேன்."

நான் அவளை முறைத்தேன். முறைத்துக்கொண்டே திறந்தேன். உள்ளே பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. "இதோடவா மிஸ் இத்தனை வருஷம் அவ்வளவு சுத்தமாப் பேசினீங்க? எங்க யாருக்கும் சந்தேகமே வரலையே!" என்றாள். பிறகு உன் செட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யார் செஞ்சது? ரொம்ப நல்ல வேலை" என்றாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தலைக்கனம் பிடித்துத் திரியாதே.

டாக்டர் சொல்கிறாள், ஈறில் இருந்த சீழ் மூட்டுகளையும் தூண்டிவிட்டிருக்கலாமாம். நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். வெள்ளையணுக்களைப் பற்றி நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐந்து மாதமாக அவற்றை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதிரி எது, வீட்டார் எது என்று தெரியாத மூடக்கூட்டம் என்றேன். அந்தச் சமயத்தில் நான் உன் போனை நான்கு தடவை வைத்தேன். இதற்கு மேல் இந்தப் பத்தியில் நீ எதையும் எதிர்பார்க்காதே.

மீசை விஷயம். யோசித்துப் பார்த்தேன். நீ அழுதாய் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அழும்போது அப்படி அசைகிற மீசையை வைத்துக்கொள்வது அநாகரிகம். எடுத்துவிடு.

மகன் கப்பலிலிருந்து வந்துவிட்டான். நான் பல் இல்லாமல் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் ஒரு நொடி பார்த்தான், பிறகு, "அம்மா, இப்பத்தான் நீங்க மாமா மாதிரியே இருக்கீங்க" என்றான். அவமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று நினைத்திருந்தேன். இல்லை.

இனி வேலை. ஈறு ஆறிவிட்டதால் பழைய செட் பொருந்தாது. உன் இடுப்புக் கட்டு அவிழ்ந்திருந்தால் நீயே வந்து சேர். அவிழாவிட்டால் அச்சு எடுத்து அனுப்ப என் மாணவி தயாராக இருக்கிறாள். புது செட்டை நீதான் செய்ய வேண்டும். வேறு ஒருவர் கையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பொத்தான் பெட்டி வேண்டாம். தபாலில் அனுப்புவதாக இருந்தால் மேலே 'பல்' என்றே எழுது. தபால்காரர் படித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. நீ செய்த நான்கு செட்டிலும் பல் ஒரே நிறம், நான் கல்யாணப் பெண்ணாக இருந்தபோது இருந்த வெள்ளை. மற்ற பற்களெல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்தன, அவை இரண்டு மட்டும் இளமையாகவே நின்றன. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அது தெரிந்தது, யாரும் கவனிக்கவில்லை என்று நம்பிக்கொண்டேன். யாருக்காக அந்த வெள்ளையைக் காப்பாற்றினேனோ, அவர் இப்போது இல்லை.

இந்த முறை என் வயதுக்குத் தகுந்த நிறத்தில் செய்.

அக்கா

பி.கு.: இதை யாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டாதே.